மின்சாரம் நின்ற இரவிலும் சீபாப் இயந்திரம் ஓட எவ்வளவு பற்றரி வேண்டும்?

உங்கள் வீட்டில் யாராவது இரவில் சீபாப் இயந்திரம் போட்டுப் படுப்பவராக இருந்தால், கீரிமலைக்குத் திரும்பும் நாளுக்கு முன்பே இந்தப் பக்கங்களை வாசியுங்கள். பற்றரி வாங்க இன்னும் காசு கொடுக்கவில்லை என்றால் மிகவும் நல்லது. கடைக்குப் போகுமுன் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்தால் தேவையில்லாத பெரிய பற்றரிக்குக் காசைக் கொட்டவும் மாட்டீர்கள், நள்ளிரவில் நின்றுபோகிற சின்னப் பற்றரியை நம்பி ஏமாறவும் மாட்டீர்கள்.

மல்லாகத்திலோ சுன்னாகத்திலோ முகாமில், வாடகை வீட்டில், உறவினர் வீட்டில் இருந்தபோது மின்சாரம் நின்றால் சமாளிக்க ஏதாவது ஒரு வழி இருந்தது. பக்கத்து வீட்டில் ஜெனரேற்றர் இருக்கும், அல்லது ஓட்டோ பிடித்தால் சிறிது நேரத்தில் தெல்லிப்பழை வைத்தியசாலைக்குப் போய்விடலாம். விடுவிக்கப்பட்ட காணியில் முதல் மாதங்கள் அப்படி இருப்பதில்லை. பிரதான வீதிக்கு மின்கம்பம் வந்திருக்கும், உங்கள் ஒழுங்கைக்கு வந்திராது. ஒழுங்கைக்கு வந்திருந்தாலும் வீட்டு இணைப்புக் கிடைக்க நாளெடுக்கும். அயலில் பாதி வளவு இன்னும் பற்றையாகக் கிடக்கும். இரவில் கூப்பிட்டால் ஓடிவர ஆள் இல்லாத நிலையில், இந்த இயந்திரத்துக்கு மாற்று ஏற்பாடு இருக்கத்தான் வேண்டும்.

ஒரு விடயத்தை முதலிலேயே பிரித்துச் சொல்லவேண்டும். இந்தக் கட்டுரை சீபாப் இயந்திரத்துக்கு மட்டுமே. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறவர்களுக்கு, காற்றை மெல்லிய அழுத்தத்தில் ஊதி அந்த வழியைத் திறந்து வைத்திருப்பதுதான் அதன் வேலை. 1981இல் அவுஸ்திரேலியாவின் சிட்னியில் வைத்தியர் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய முறை இது. ஒட்சிசன் செறிவாக்கி என்பது வேறு இயந்திரம். அது 300 வாற்ஸுக்கு மேல் இழுக்கும், இங்கே சொல்லும் பற்றரிகள் அதற்குக் காணாது. மூச்சுத் தசை பலவீனத்துக்காகவோ நீண்டகால நுரையீரல் நோய்க்காகவோ பைபாப், வென்ரிலேற்றர் பாவிப்பவர்கள் மின்சாரம் உறுதியாகும் வரை ஊர் திரும்புவதைப்பற்றி வைத்தியருடன் பேசியே முடிவெடுக்க வேண்டும். சீபாப் பாவிக்கும் பெரும்பாலானோருக்கு ஒரு இரவு இயந்திரம் இல்லாமற்போனால் உயிர் போகாது. ஆனால் குறட்டையும் மூச்சுத்தடையும் அன்றிரவே திரும்பிவரும். மறுநாள் ஓட்டோ ஓட்டுபவர், கடலுக்குப் போகிறவர், உயரத்தில் நின்று மேசன் வேலை செய்பவர் கண் சொருகினால் என்னவாகும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

வாற்ஸ் என்றால் எவ்வளவு

1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களுக்கு மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குடாநாட்டில் மின்சாரமே இல்லாத அந்த ஆண்டுகளில் ரோர்ச் பற்றரிகூடத் தடைப்பட்டிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். அந்த டைனமோ தந்தது ஏறக்குறைய 3 வாற்ஸ். ஒரு சீபாப் இயந்திரம், ஈரப்பதமூட்டி இல்லாமல், பொதுவாக அதைப்போல மூன்று நான்கு மடங்கு இழுக்கும். ஈரப்பதமூட்டியும் சூடாகும் குழாயும் சேர்ந்தால் பத்து, பதினைந்து மடங்குக்கும் போகும்.

வாற்ஸ் என்பது இந்தக் கணத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பது. அதை மணித்தியாலத்தால் பெருக்கினால் வருவது வாற்-மணி. பற்றரிக் கணக்கெல்லாம் இந்த வாற்-மணியில்தான். ஆயிரம் வாற்-மணி சேர்ந்தால் மின்கட்டணச் சிட்டையில் வரும் ஒரு யுனிற்.

முதலில் அளவெடுங்கள்

கடைக்காரர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை வாற்ஸ் மெசின்?" என்பது. நீங்கள் மின்வழங்கிப் பெட்டியின் லேபலைத் திருப்பிப் பார்ப்பீர்கள். அதில் 65 அல்லது 80 அல்லது 90 வாற்ஸ் என்று இருக்கும். அந்த எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். அது அந்தப் பெட்டி உச்சமாகத் தரக்கூடியது, இயந்திரம் இரவு முழுவதும் இழுப்பதல்ல. 90 வாற்ஸ் என்று வைத்து எட்டு மணித்தியாலத்துக்குக் கணக்குப் போட்டால் 720 வாற்-மணி வரும். உண்மைத் தேவை அதில் பாதியாக இருக்கலாம், எட்டில் ஒன்றாகவும் இருக்கலாம். இந்த ஒரு எண்ணால் தேவையற்ற செலவு பல மடங்காகிவிடும்.

உண்மையான அளவை எடுக்க இரண்டு வழி உண்டு. பிளக்கில் செருகிப் பார்க்கும் சிறிய வாற் மீற்றர் மின்பொருட் கடைகளில் கிடைக்கும். யாரிடமாவது இருந்தால் ஒரு இரவுக்குக் கடன் வாங்குங்கள். இரவு முழுவதும் எத்தனை வாற்-மணி போனது என்பதை அதுவே கூட்டிக் காட்டும். இதைவிட நல்ல அளவு வேறில்லை.

அது கிடைக்காவிட்டால் வீட்டு மின்மானியே போதும். இப்போது இருக்கும் வீட்டில், திரும்புவதற்கு முன்பே, இதைச் செய்துவிடுங்கள். இலத்திரனியல் மின்மானியில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஒரு யுனிற்றுக்கு எத்தனை தடவை மின்னும் என்பது மின்மானி முகப்பில் அச்சிடப்பட்டிருக்கும். 1600, 3200 என்பவை பொதுவாகக் காணப்படும் எண்கள். குளிர்சாதனப் பெட்டி, தொலைபேசிச் சார்ஜர் உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சீபாப் இயந்திரத்தை மட்டும் போடுங்கள். பாவிப்பவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். மாஸ்க் இல்லாமல் சும்மா ஊதவிட்டால் அளவு பிழைக்கும். அரை மணித்தியாலம் கழித்து, ஈரப்பதமூட்டியின் தண்ணீர் சூடேறிய பிறகு, இன்னொருவர் மின்மானிக்குக் கீழே நின்று ஒரு மின்னலிலிருந்து தொடங்கிப் பத்தாவது மின்னல் வரும்வரை எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும்.

மின்மானி 1600 என்றால், 22500ஐ அந்த வினாடிகளால் வகுக்க வரும் விடைதான் வாற்ஸ். பத்து மின்னலுக்கு 450 வினாடி, அதாவது ஏழரை நிமிடம் எடுத்தால், 50 வாற்ஸ். மின்மானி 3200 என்றால் 22500க்குப் பதிலாக 11250ஐ வகுக்க வேண்டும். அதே அளவை ஈரப்பதமூட்டியை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை எடுங்கள். இரண்டாவது தடவை நேரம் நீளும். 12 வாற்ஸ் இயந்திரமானால் 1600 மின்மானியில் ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே பத்துக்குக் காத்திராமல் மூன்று மின்னலோடு நிறுத்தி, 22500க்குப் பதிலாக 6750ஐ வகுத்துக்கொள்ளலாம்.

பெரும் செலவாளி எது

இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். காற்றை ஊதும் மோட்டார் குறைவாகத்தான் இழுக்கிறது. தண்ணீரைச் சூடாக்கும் தட்டும் குழாயைச் சூடாக்கும் கம்பியும்தான் மின்சாரத்தைக் குடிக்கின்றன. கேத்திலும் இஸ்திரிப்பெட்டியும் கட்டணத்தை ஏற்றுவது எதனாலோ, அதே காரணம்தான். மின்சாரத்தை வெப்பமாக்குவதைப்போலச் செலவு வேறில்லை.

கீரிமலையில் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. குளிர் நாடுகளில் உலர்ந்த காற்றுக்காக வைத்த இந்த வசதி இல்லாமல், மின்தடை இரவுகளை மட்டும் கழிக்கப் பலராலும் முடியும். மூக்கும் தொண்டையும் கொஞ்சம் காயும். முடியுமா என்பதை மின்சாரம் இருக்கும் ஒரு இரவில் சோதித்துப் பாருங்கள். மூக்கில் இரத்தம் வருபவர்கள், மூக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் நிறுத்தவேண்டாம். நிறுத்தும்போது தண்ணீர்த் தொட்டியை வெறுமையாக்கிவிட்டு, வெப்ப அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டாலும் தட்டு சூடாகிக்கொண்டே இருக்கக்கூடும். காற்றழுத்த அளவை மட்டும் மின்சாரம் மிச்சம்பிடிப்பதற்காக நீங்களாகக் குறைக்க வேண்டாம். அது மருந்தின் அளவைக் குறைப்பதற்குச் சமன். மாஸ்க் ஓரத்தால் காற்றுக் கசிந்தால் மோட்டார் கூடுதலாக வேலைசெய்யும். பழைய மாஸ்க்கின் றப்பர் ஓரத்தை மாற்றுவதும் ஒருவகையில் பற்றரிச் சேமிப்புத்தான்.

எத்தனை இரவுக்கு?

மின்தடை ஒரேமாதிரி வருவதில்லை. பராமரிப்பு வேலைக்கான தடை பெரும்பாலும் பகலில் வரும், முன்கூட்டியே பத்திரிகையில் இடங்களின் பெயரோடு அறிவிப்பார்கள். அது இரவைத் தொடாது என்று அலட்சியமாக இருக்கவேண்டாம். பகல் முழுக்க மின்சாரம் இல்லாவிட்டால் முதல் நாள் இரவு பாவித்த பற்றரி அன்று மாலை வெறுமையாகவே இருக்கும். நாடு முழுவதும் ஒரேயடியாக மின்சாரம் போன நாட்களும் உண்டு: 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9. இவை எல்லாம் சில மணித்தியாலங்களில் தீர்ந்தவை. 2022 மார்ச் கடைசியில் எரிபொருள் இல்லாமல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை வெட்டியது உங்களுக்கு மறந்திராது.

ஊர் திரும்புகிறவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டியது இவற்றுக்கல்ல. கார்த்திகை, மார்கழிப் புயலுக்குத்தான். தென்னோலையும் பனை மட்டையும் கம்பியில் விழும், கம்பம் சாயும். நாடு முழுவதற்குமான தடையைச் சரிசெய்ய எல்லோரும் ஓடுவார்கள். கடலோர ஒழுங்கை ஒன்றின் கடைசி வீட்டுக் கம்பி அறுந்தால் முறை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். எங்கள் அபிப்பிராயத்தில் இணைப்புள்ள வீடு இரண்டு இரவுக்குக் கணக்கிட்டால் போதும். மூன்று, நான்கு என்று நீட்டுவது காசுக்குக் கேடு. அவ்வளவு நாள் நீடித்தால் பற்றரியைச் சார்ஜ் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோவதே மலிவு. இன்னும் இணைப்பே வராத வீட்டின் கணக்கு வேறு. அதைச் சோலார் பகுதியில் சொல்கிறோம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இரவு பத்து மணிக்குப் படுத்து காலை ஆறுக்கு எழும்பும் ஒரு ஐயாவை எடுத்துக்கொள்வோம். அவருடைய இயந்திரம் ஈரப்பதமூட்டியோடு 45 வாற்ஸ், இல்லாமல் 12 வாற்ஸ் என்று அளவெடுத்திருக்கிறார்கள்.

ஈரப்பதமூட்டியோடு ஒரு இரவு: 45ஐ 8ஆல் பெருக்க 360 வாற்-மணி. 230 வோல்ற் தரும் இன்வேர்ட்டர் ஊடாக ஓட்டினால் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வெப்பமாகப் போய்விடும். ஆகவே 360ஐ 0.85ஆல் வகுக்க ஏறக்குறைய 424. இன்வேர்ட்டரும் சும்மா இருக்கும்போதே தனக்கென்று ஒரு 8 வாற்ஸ் தின்னும், அது இரவுக்கு 64. மொத்தம் 488. ஈய-அமிலப் பற்றரியில் எழுதியிருக்கும் கொள்ளளவில் பாதியை மட்டும் எடுப்பதுதான் அதன் ஆயுளுக்கு நல்லது, எனவே இரட்டிப்பாக்க 976. அதை 12 வோல்ற்றால் வகுக்க 81 அம்பியர்-மணி. பற்றரி பழசாகும்போது குறைவதற்காகக் கால்பங்கு கூட்டினால் ஏறக்குறைய 100 அம்பியர்-மணி. ஒரே இரவுக்கு, இரண்டு ஆள் பிடித்துத் தூக்கவேண்டிய பற்றரி.

ஈரப்பதமூட்டி இல்லாமல், இன்வேர்ட்டரும் இல்லாமல், இரண்டு இரவு: 12ஐ 16 மணித்தியாலத்தால் பெருக்க 192 வாற்-மணி. நேர்மின் மாற்றியில் போகும் பத்துப் பங்கு இழப்புக்காக 0.9ஆல் வகுக்க 213. இரட்டிப்பாக்க 426. 12ஆல் வகுக்க 36 அம்பியர்-மணிக்குச் சற்றுக் குறைவு. கால்பங்கு கூட்டினால் 45. அதாவது பாதிக்கும் குறைந்த பற்றரியில் இரண்டு மடங்கு இரவு. லிதியம் பொஸ்பேற்றுப் பற்றரியானால் எண்பது பங்குவரை எடுக்கலாம் என்பதால் 30 அம்பியர்-மணியே காணும்.

உங்கள் எண்களை இந்த வரிசையிலேயே வைத்துப் போடுங்கள்: வாற்ஸ், மணித்தியாலம், இழப்பு, பற்றரியில் எடுக்கக்கூடிய பங்கு, பிறகு கால்பங்கு. வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் அவரிடம் விடுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். தகரக் கூரைக்குக் கீழே, காற்றாடி இல்லாமல், முகத்தில் மாஸ்க்கோடு படுப்பது பெரிய அவதி. மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் படுக்கிறவர்கள் பலர் புழுக்கத்தால்தான் கழற்றுகிறார்கள். ஆனால் சாதாரண மேசை விசிறி 50 வாற்ஸ் இழுக்கும், ஈரப்பதமூட்டியை நிறுத்தி மிச்சம்பிடித்த எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். 12 வோல்ற்றில் ஓடும் சிறிய விசிறி 12 வாற்ஸ் அளவில் கிடைக்கிறது. அதையும் சேர்த்தால் மேலே சொன்ன 45 அம்பியர்-மணி 90 அளவுக்கு வரும். முதலிலேயே கணக்கில் சேர்ப்பது நல்லது. சேர்க்காமல் விட்டால் எப்படியும் யாரோ செருகத்தான் போகிறார்கள். தொலைக்காட்சி, தொலைபேசி, வெளிவிளக்கு எதையும் இந்தப் பற்றரியில் மாட்ட விடாதீர்கள்.

எந்தப் பற்றரி, எந்த இணைப்பு

கார், ஓட்டோ பற்றரிகள் எஞ்சினை ஸ்ராட் செய்ய ஒரு கணம் பலமாகத் தருவதற்காகச் செய்யப்பட்டவை. இரவுதோறும் மெல்ல மெல்ல வடித்தால் சில மாதங்களில் செத்துவிடும். வீட்டில் இருப்பதை அவசரத்துக்கு ஒரு இரவு பாவிக்கலாம், புதிதாக வாங்குவதானால் ஆழச் சார்ஜ் வகை அல்லது சோலார் பற்றரி என்று கேட்டு வாங்குங்கள். கணினிக்கு வைக்கும் யூ.பி.எஸ். பெட்டியை நம்பவேண்டாம். சிறிய பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ற் 7 அம்பியர்-மணிப் பற்றரி, எழுத்தில் 84 வாற்-மணி. ஈரப்பதமூட்டியோடு ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது. அதற்குமேல், நள்ளிரவில் கீச்சிட்டு வீட்டையே எழுப்பிவிடும்.

இயந்திரம் எத்தனை வோல்ற் நேர்மின்னில் ஓடுகிறது என்று பாருங்கள். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 வகை 24 வோல்ற், பிலிப்ஸ் ட்ரீம்ஸ்ரேஷன் 12 வோல்ற். இரண்டுக்கும் 12 வோல்ற் பற்றரியில் மாட்டுவதற்கென்று அந்தந்த நிறுவனத்தின் நேர்மின் வயரோ மாற்றியோ உண்டு. அதை வாங்க முடிந்தால் வாங்குங்கள், இன்வேர்ட்டர் செலவும் இழப்பும் மிச்சம். வயரை வெட்டி நேரடியாகப் பற்றரி முனையில் சுற்றவேண்டாம். நேரும் மறையும் மாறிப்போனால் இயந்திரம் ஒரு வினாடியில் போய்விடும். பற்றரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஒரு பியூஸ் கட்டாயம் இருக்கவேண்டும்.

இன்வேர்ட்டர்தான் என்றால் தூய சைன் அலை தருவதாகக் கேளுங்கள். விலை குறைந்த, அலை திருத்திய வகை ஈரப்பதமூட்டியின் சூடாக்கியையும் மின்வழங்கிப் பெட்டியையும் பழுதாக்கக்கூடும். 300 வாற்ஸ் இன்வேர்ட்டர் தாராளம். 1000 வாற்ஸ் வாங்கினால் சும்மா இருக்கும்போதே கூடத் தின்னும்.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் இயந்திரம்

கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பாவித்த சீபாப் இயந்திரங்கள் வந்து சேருகின்றன. நல்ல மனத்தோடு அனுப்புகிறார்கள், வாங்கியதும் மூன்றைப் பாருங்கள். லேபலில் 100 முதல் 240 வோல்ற் என்று இருந்தால் இங்குள்ள 230 வோல்ற்றில் நேரடியாக ஓடும், பிளக் முள் மாற்றி மட்டும் போதும். 110 அல்லது 120 மட்டும் என்றிருந்தால் செருகவேண்டாம். அடுத்தது, பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்ரேஷன் உட்படப் பெருந்தொகை இயந்திரங்களை மீளப் பெற்றது. உள்ளே சத்தத்தை அடக்க வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சுக் காற்றில் கலக்கக்கூடும் என்பதே காரணம். உங்களுடையது அந்தக் காலத்துக்கு முந்தியதானால், அனுப்பியவரிடம் இயந்திர இலக்கத்தைக் கொடுத்து அது மாற்றப்பட்டதா என்று இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது, அழுத்த அளவு முன்னையவருக்கு வைத்ததாகவே இருக்கும். வைத்தியர் உங்களுக்கென்று மாற்றித் தரும்வரை போடாதீர்கள்.

பெரிய லிதியம் பற்றரியைப் பயணப் பொதியில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 160 வாற்-மணிக்கு மேற்பட்டதைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். 100க்கும் 160க்கும் இடைப்பட்டதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 100க்குக் குறைந்தது கைப்பையில் வரலாம். அது 12 வாற்ஸ் இயந்திரத்தை ஏறக்குறைய ஒரு இரவு ஓட்டும்.

திரும்பச் சார்ஜ் செய்தல்

பாதி வடிந்த 45 அம்பியர்-மணி ஈய-அமிலப் பற்றரியை 5 அம்பியர் சார்ஜரில் போட்டால், கடைசிப் பகுதி மெதுவாக ஏறுவதால், ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கும். அரைகுறையாக நிறுத்தி நிறுத்திப் பாவித்தால் ஆயுள் குறையும்.

இணைப்பு வராத வீட்டுக்குச் சோலார் தகடு பொருந்தும். 100 வாற்ஸ் தகடு நல்ல வெயில் நாளில், இழப்பெல்லாம் போக, 350 வாற்-மணியளவு தரும். ஈரப்பதமூட்டி இல்லாத ஒரு இரவுக்குப் பற்றரியிலிருந்து போவது 107, அதை ஏற்ற 135 அளவு வேண்டும். மிச்சத்தில் சிறிய விசிறியும் ஓடும். மாரி மூட்டத்தில் தகடு தருவது மூன்றில் ஒன்றாகக் குறையலாம், அப்போது இயந்திரத்துக்கே மட்டுமட்டு. இப்படியான வீடுகளுக்கு இரண்டு இரவுப் பற்றரியும் 150 அல்லது 200 வாற்ஸ் தகடும் என்று யோசியுங்கள். தகட்டுக்கும் பற்றரிக்கும் இடையில் சார்ஜ் கட்டுப்படுத்தி இல்லாமல் மாட்டவேண்டாம்.

ஜெனரேற்றரில் சார்ஜ் செய்வதானால் அதை வளவில், கதவு யன்னலிலிருந்து எட்டத்தில் வையுங்கள். மழை என்று விறாந்தைக்குள் இழுத்து வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. மாஸ்க் போட்டு ஆழ்ந்து தூங்குபவருக்கு இயந்திரமே அதை ஊதிக் கொடுத்துவிடும்.

வீட்டில் எங்கே வைப்பது

கட்டிலுக்குக் கீழே அல்ல. ஈய-அமிலப் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயுவை விடும், அதற்குப் பக்கத்தில் குப்பி விளக்கோ நுளம்புத்திரியோ கூடாது. காற்றோட்டமான மூலையில், பிள்ளைகளுக்கு எட்டாமல், வெள்ளம் வந்தாலும் நனையாத உயரத்தில் ஒரு பலகைமேல் வையுங்கள். கீரிமலையில் உப்புக்காற்று பித்தளை முனைகளைப் பச்சையாக்கிவிடும். மாதம் ஒருமுறை துடைத்து வஸ்லின் பூசினால் போதும்.

தண்ணீரைப்பற்றி ஒரு சொல். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை, கேத்திலின் அடியில் படியும் வெள்ளையை எல்லோரும் அறிவோம். அந்தத் தண்ணீரை ஈரப்பதமூட்டியில் ஊற்றினால் தட்டில் அதே படிவு வரும். மருந்துக் கடையில் வடித்த நீர் வாங்குங்கள். எரிபொருள் நிலையத்தில் விற்கும் பற்றரித் தண்ணீர் பற்றரிக்கு மட்டும். அதையும் பற்றரி அசிற் போத்தலையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், இருட்டில் கை மாறும்.

பற்றரியும் முடிந்துவிட்டால்

பல இயந்திரங்கள் மின்சாரம் நின்றால் சத்தம் போடாது. காற்று நின்றதும் மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். பாவிப்பவர் விழிக்காவிட்டால் பக்கத்தில் படுப்பவர் கழற்றிவிடலாம். மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில், தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கட்டும். அன்றிரவு மதுவும் தூக்க மாத்திரையும் ஆகாது. மூச்சுவிட முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால், எழுப்பியும் தெளிவாகப் பேசாவிட்டால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். கம்பி அறுந்தது, கம்பம் சாய்ந்தது போன்றவற்றை மின்சார சபையின் 1987க்குச் சொல்லும்போது வீட்டில் மூச்சு இயந்திரம் பாவிக்கும் நோயாளி இருப்பதையும் சொல்லுங்கள். மீள்குடியேற்றப் பதிவின்போது கிராம அலுவலரிடமும் இதை எழுத்தில் கொடுத்து வையுங்கள். முதலில் திருத்தித் தருவார்கள் என்று எங்களால் உறுதி கூற முடியாது. ஆனால் புயல் நாட்களில் எந்த வீட்டைப் போய்ப் பார்ப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

சோதனை இரவு

பற்றரி வந்ததும், மின்சாரம் இருக்கும் ஒரு இரவில், வேண்டுமென்றே பற்றரியிலேயே ஓட்டிப் பாருங்கள். முதலில் முழுதாகச் சார்ஜ் செய்து, ஒரு மணித்தியாலம் சும்மா விட்டு, வோல்ற் மானியில் அளந்து எழுதுங்கள். நல்ல 12 வோல்ற் ஈய-அமிலப் பற்றரி 12.6க்கு மேல் காட்டும். காலையில் இயந்திரத்தைக் கழற்றி, மறுபடி ஒரு மணித்தியாலம் விட்டு அளக்கவும். 12.2 அளவில் நின்றால் பாதி வடிந்திருக்கிறது. இரண்டு இரவுக்கென்று கணக்கிட்ட பற்றரி முதல் இரவிலேயே அங்கே வந்துவிட்டால் கணக்கிலோ பற்றரியிலோ பிழை இருக்கிறது, கடைக்காரரின் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் கொண்டுபோங்கள். திகதியையும் இரண்டு எண்ணையும் பற்றரியின் பக்கத்தில் அழியாத பேனாவால் எழுதிவிட்டு, ஐப்பசி முடிவதற்குள், மழை தொடங்குமுன், வருடத்துக்கொருமுறை இதையே திரும்பச் செய்யுங்கள்.